விதை பொய்த்தால் விவசாயிக்கு என்ன வழி? நம் நாட்டிலும் அண்டை நாடுகளிலும் நுகர்வோர் சட்டம்

ஆடியில் நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் போதும். ராசிபுரம், ஆத்தூர், ஓமலூர், திருச்செங்கோடு பகுதிகளில் விதைக்கடைகளில் கூட்டம் நெரியும். செம்மண் நிலத்தில் விதைப்பு ஈரம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்பதில்லை. அந்த அவசரத்தில் நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்தி, வெங்காயம் என்று அவரவர் தேவைக்கு விதை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அப்போது கடைவாசலில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணா, சீட்டு ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க."

"நமக்குள்ள எதுக்குங்க சீட்டு? பத்து வருசமா வாங்கறீங்க, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டனுங்க. ஈரம் காயறதுக்குள்ள போயி வெதைங்க."

விவசாயியும் சரி என்று கிளம்பிவிடுகிறார். விதை நன்றாக முளைத்து விளைந்துவிட்டால் கவலையில்லை. ஆனால் பத்து நாளாகியும் பாதி விதை முளைக்காமல் போகலாம். பூக்கும் தருணத்தில் ஒரே வயலில் இரண்டு மூன்று ரகங்கள் கலந்து நிற்கலாம். கதிர் வந்தும் மணி பிடிக்காமல் போகலாம். அப்போது உழவுக் கூலி, களைக் கூலி, உரச் செலவு ஆகியவற்றோடு ஒரு பட்டமே கைவிட்டுப் போகிறது. கலப்பின மக்காச்சோளத்திற்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை தேவை. அந்த 8 கிலோவின் விலையைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தாலும், போன பட்டத்தை யார் கொடுப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இலங்கை, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான் ஆகிய அண்டை நாடுகளிலும் இதே நோக்கத்தோடு சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன. அவற்றோடு நம் சட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், நம் விவசாயிக்கு எதில் வசதி கூடுதல், எதில் அவர் ஏமாறக் கூடும் என்பது நன்றாக விளங்கும்.

விவசாயியும் நுகர்வோரே

நுகர்வோர் என்றதும் சோப்பு, பற்பசை, மின்விசிறி வாங்கும் நகரவாசிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். பொருள் வாங்குவோருக்கும் உரிமைகள் உண்டு என்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1962 மார்ச் 15 அன்று அந்நாட்டு நாடாளுமன்றத்திற்கு விடுத்த செய்தியில் எடுத்துரைத்தார். 1985-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டே நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986 டிசம்பர் 24 அன்று அதற்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. அந்த நாளே ஆண்டுதோறும் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பழைய சட்டத்திற்குப் பதிலாக 2019-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது.

வணிக நோக்கத்திற்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இச்சட்டம் கூறுகிறது. அறுவடையை விற்றுக் காசாக்கும் விவசாயி விதை வாங்குவது வணிக நோக்கம்தானே என்று விதை நிறுவனங்கள் பல வழக்குகளில் வாதாடியதுண்டு. ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்றும் அதே சட்டம் விளக்கம் சொல்கிறது. ஆக, தன் நிலத்தில் தானே பாடுபடும் சிறு விவசாயி நுகர்வோர்தான்.

இதில் இருந்த ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்த்து வைத்தது. தேசிய விதைக் கழகத்திற்கும் ஆந்திர விவசாயிகளுக்கும் இடையே நடந்த வழக்கு அது. விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு ஏன் வரவேண்டும் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. விதைச் சட்டப்படி தவறு செய்தவர்மேல் வழக்குத் தொடரலாம், அபராதமும் விதிக்கலாம். 1966-ல் எழுதப்பட்டபடி முதல் குற்றத்திற்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். அதுவும் அரசுக் கருவூலத்திற்குப் போகுமே தவிர, பயிர் இழந்தவர் கைக்கு வராது. நட்ட ஈடு பெறுவதற்கு அந்தச் சட்டத்தில் வழியில்லை என்பதால் விவசாயி நுகர்வோர் மன்றத்தை நாடுவது சரியே என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

அண்டை நாடுகளில் யார் நுகர்வோர்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாமக்கல் பக்கம் போலவே சின்ன வெங்காயமும் மிளகாயும் பயிராகின்றன. அங்கே கிணற்றுப் பாசனம் செய்யும் தமிழ் விவசாயிக்கு 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் எண் சட்டம் துணை நிற்கிறது. நுகர்வோரை அங்கே பாவனையாளர் என்றும் சொல்வார்கள். விலை கொடுத்து ஒரு பொருளைப் பயன்படுத்துபவர், பயன்படுத்தப் போகிறவர் எல்லாரையும் அந்தச் சட்டம் நுகர்வோர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறது. அதே 2003-ல் இலங்கைக்குத் தனியாக ஒரு விதைச் சட்டமும் வந்தது.

வங்கதேசத்தில் 2009-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. வணிகத்துக்காக வாங்குபவரை அது விலக்குகிறது. எனினும் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக வாங்குபவரை நம் சட்டம் போலவே சேர்த்துக்கொள்கிறது.

நேபாளம் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறது. 2015-ல் வந்த அந்நாட்டு அரசியலமைப்பின் 44-ஆம் பிரிவு, தரமான பொருளும் சேவையும் பெறுவதை நுகர்வோரின் அடிப்படை உரிமையாகவே ஆக்கியுள்ளது. தரக்குறைவான பொருளால் பாதிக்கப்பட்டவருக்கு நட்ட ஈடு பெறும் உரிமையையும் அது தருகிறது. அங்கே இந்த அக்கறைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009-10 குளிர்ப் பருவத்தில் நேபாளத்தின் தெராய் சமவெளியில், பாரா, பர்சா, ரௌதஹட் முதலிய மாவட்டங்களில் விதைத்த கலப்பின மக்காச்சோளம் மணி பிடிக்காமல் போய் விவசாயிகள் பெரும் நட்டம் அடைந்தார்கள். 1998-ல் இயற்றிய பழைய நுகர்வோர் சட்டத்தை மாற்றி, 2018-ல் நேபாளம் புதிய சட்டம் செய்துகொண்டது. நுகர்வோர் வழக்குக்கென்று தனி நீதிமன்றம் அமைக்கவும் அதில் இடம் உண்டு.

பாகிஸ்தானில் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் என்று இல்லை. 1995-ல் தலைநகர் இஸ்லாமாபாத்திற்கும், 2005-ல் கோதுமையும் பருத்தியும் விளையும் பஞ்சாப் மாகாணத்திற்கும் என்று தனித்தனியாகச் சட்டங்கள் வந்தன.

கெடு எத்தனை நாள்?

ஒப்பிடுவதில் விவசாயி முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான். நம் நாட்டில் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் ஆணையம் ஏற்றுக்கொள்ள இடமுண்டு.

இலங்கையில் 2003 சட்டப்படி, பொருளை விற்ற நாளிலிருந்து 3 மாதத்திற்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். வங்கதேசத்தில் 2009 சட்டப்படி காரணம் எழுந்ததிலிருந்து 30 நாள்தான் கெடு. பாகிஸ்தானின் பஞ்சாபில் 2005 சட்டத்தின்படி முதலில் விற்றவருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி, பதில் சொல்ல அவருக்கு 15 நாள் அவகாசம் தர வேண்டும். வழக்கையும் 30 நாளுக்குள் தொடுக்க வேண்டும்.

இதைப் பயிரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். முளைப்புக் குறைவு பத்துப் பதினைந்து நாளில் தெரிந்துவிடும். மக்காச்சோளத்தில் மணி பிடிக்கவில்லை என்பது தெரிய ஏறக்குறைய 80 நாளாகும். நிலக்கடலையில் காய் சரியில்லை என்பது 105 நாள் கழித்துச் செடியைப் பிடுங்கும்போதுதான் தெரியும். பருத்தியில் காய் வெடிக்க அதைவிடக் கூடுதல் நாளாகும். ஆகவே விற்ற நாளிலிருந்து 3 மாதம் என்று கணக்கிட்டால் குறை வெளிப்படும் முன்பே கெடு முடிந்துவிடக் கூடும். சேலத்து மாமரக்காரருக்கு இது நன்றாகப் புரியும். ஒட்டுக்கன்று சொன்ன ரகம்தானா என்பது காய்க்கும்போதல்லவா தெரியும்?

இந்த வகையில் நம் விவசாயிக்கு அவகாசம் தாராளமாக உள்ளது. ஆனால் இந்தத் தாராளமே பலரை ஏமாற்றிவிடுகிறது. இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று காத்திருந்தால் வயல் காத்திருக்காது. மடக்கி உழுது அடுத்த பயிர் வைத்துவிட்டால் சாட்சியும் மண்ணோடு போய்விடும். ஆகவே சட்டம் தருவது இரண்டு ஆண்டு என்றாலும், வங்கதேச விவசாயியைப் போலத் தனக்கும் 30 நாள்தான் கெடு என்று நினைத்துக்கொண்டு வேலை செய்வதே புத்திசாலித்தனம்.

எங்கே போவது, என்ன கிடைக்கும்?

வங்கதேசத்தில் புகார் ஓர் அரசுத் துறைக்குப் போகிறது. அங்குள்ள தேசிய நுகர்வோர் உரிமைப் பாதுகாப்பு இயக்ககம் விசாரித்து அபராதம் விதிக்கிறது. வசூலாகும் அபராதத்தில் 25 சதவீதத்தைப் புகார் செய்தவருக்கே கொடுத்துவிடுவது அந்தச் சட்டத்தின் தனிச்சிறப்பு. சிறு தொகை ஏமாற்றப்பட்டவர்கூடத் துணிந்து புகார் செய்ய இது தூண்டுகிறது. ஆனால் முழுப் பயிரையும் இழந்தவருக்கு அபராதத்தில் கால் பங்கு எந்த மூலைக்கு? பயிர் நட்டத்தைப் பெற அவர் தனியாக உரிமையியல் நீதிமன்றத்திற்குப் போக வேண்டும்.

இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை விசாரணை செய்கிறது. புகார் உண்மையானால் நட்ட ஈடு கொடுக்கும்படியோ, பொருளை மாற்றித் தரும்படியோ, பணத்தைத் திருப்பித் தரும்படியோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு.

நம் நாட்டில் புகார் நீதிமன்றம் போன்ற ஓர் ஆணையத்திற்குப் போகிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையங்கள் உள்ளன. வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமே கிடையாது. சிறு விவசாயி வாங்கும் விதையும் பூச்சிமருந்தும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. விவசாயி தானே வாதாடலாம். கணினி வழியாகப் புகார் பதிவு செய்ய 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற தளமும் இயங்கி வருகிறது.

2019 சட்டம் தந்த பெரிய வசதி ஒன்று உண்டு. விதை நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், விவசாயி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். விற்ற கடைக்காரரோடு தயாரித்த நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்கலாம். பொருளின் குறையால் நேர்ந்த கேட்டிற்குத் தயாரித்தவர் பொறுப்பு என்று அச்சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. ஒரே விதையால் ஒரே ஊரில் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதி பெற்று எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே புகாராகவும் தரலாம்.

விதையின் விலை மட்டுமன்றி, பயிர் நட்டத்திற்கும் நட்ட ஈடு வழங்க ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத்தண்டனையோ அபராதமோ விதிக்கலாம். தீர்ப்பில் குறை இருந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்திற்கு மேல்முறையீடு செய்யலாம். பணம் கொடுக்க வேண்டியவர் மேல்முறையீடு செய்தால், முதலில் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும்.

குறை இல்லாமல் இல்லை. பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லை என்றால் 3 மாதத்திலும், தேவை என்றால் 5 மாதத்திலும் புகாரை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல வழக்குகள் அதைத் தாண்டி இழுக்கின்றன. ஆணையங்களில் உறுப்பினர் பதவிகள் காலியாகக் கிடந்ததை உச்ச நீதிமன்றமே 2021-ல் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. ஆகவே வாங்கிய பின் வழக்காடுவதைவிட, விதைக்கும் முன் சோதித்துப் பார்ப்பதே மேலானது.

இலங்கை தந்த பாடம்

ஒரு நாடே வாங்குபவராக நின்ற கதை இது. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டு, சீன நிறுவனம் ஒன்றிடமிருந்து இயற்கை உரம் வாங்க ஒப்பந்தம் செய்தது. மாதிரியைச் சோதித்த அந்நாட்டுத் தாவரத் தொற்றுத் தடுப்புத் துறையினர், பயிருக்குத் தீங்கு செய்யும் நுண்ணுயிர் இருப்பதாகக் கூறினர். சுமார் 20,000 டன் உரத்தோடு வந்த கப்பல் சரக்கை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. நிறுவனம் இந்த முடிவை மறுத்தது. கடைசியில் 2022 ஜனவரியில் இலங்கை அந்த நிறுவனத்திற்குப் பணம் கொடுக்க நேர்ந்தது.

சரக்கு மண்ணில் இறங்கும் முன்பே சோதித்ததால் நிலம் தப்பியது. ஆனால் சோதனை முடிவு கையில் இருந்தும் பணம் போயிற்று. ஓர் அரசாங்கத்திற்கே இந்த நிலை என்றால், சீட்டும் இல்லாமல் மாதிரியும் இல்லாமல் நிற்கும் தனி விவசாயி எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

வென்ற வழக்கும் தோற்ற வழக்கும்

விதை வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "விதையைச் சோதனைக்கு அனுப்பினீர்களா?" என்பதுதான். வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயி என்ன சொல்வார்? 1998-ல் உச்ச நீதிமன்றத்திற்கு வந்த சூரியகாந்தி விதை வழக்கிலும் இக்கேள்வி எழுந்தது. விவசாயியிடம் விதை மிச்சமில்லாதபோது, தன்னிடமுள்ள விதையைச் சோதனைக்கு அனுப்பும்படி நிறுவனம்தான் கேட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. 2012 தீர்ப்பிலும், விதைக்க வாங்கிய விவசாயி சோதனைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்று தெளிவாகச் சொல்லப்பட்டது.

ஆனால் 2005-ல் அரியானா விதை வளர்ச்சிக் கழகத்திற்கு எதிரான வழக்கில் விவசாயி தோற்றார். பயிர் சரியாக வராததற்குப் பாசன நீரின் தன்மை, நீண்ட வறட்சி, மேல்மண்ணில் உப்பு படிதல், விதைத்த முறை, விதைப்பின்போது இருந்த ஈரம் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்ற நிபுணர் கருத்து அவருக்கு எதிராக அமைந்தது.

இந்த வழக்குகள் ஒரு பாடம் சொல்கின்றன. விதை மிச்சமில்லை என்பதற்காக வழக்குத் தோற்காது. ஆனால் விளைச்சல் குறைந்ததற்கு விதையே காரணம் என்பதை வயலில் இருந்தே காட்டியாக வேண்டும். பக்கத்து வயலில் அதே மண், அதே தண்ணீர், அதே மழையில் வேறு குவியல் விதை நன்றாக வந்திருக்க, இந்தக் குவியல் விதை போட்ட வயல்களில் மட்டும் பயிர் கெட்டிருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. அதிகாரி தரும் அறிக்கையில் இந்த விவரம் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. ரசீது: விதை, உரம், பூச்சிமருந்து எது வாங்கினாலும் ரசீது பெற வேண்டும். 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ரசீது கொடுப்பது விற்பனையாளரின் கடமை. ரகத்தின் பெயர், குவியல் எண், காலாவதி நாள், அளவு, விலை, விவசாயியின் பெயர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடனுக்கு வாங்கினாலும் ரசீது உண்டு.

2. சான்றட்டை: சான்று பெற்ற விதைக்கு நீல நிற அட்டையும், ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும், உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டையும் இருக்கும். பையைப் பிரிக்கும்போது அட்டையைக் கிழித்தெறியக் கூடாது. காலிப் பையையும் அட்டையையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

3. முளைப்புச் சோதனை: விதைப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே விதை வாங்கிவிட்டால் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். பையின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் கலந்து எடுத்த 100 விதைகளை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். மக்காச்சோளத்தை 7-ஆம் நாளும், நிலக்கடலையை 10-ஆம் நாளும், வெங்காயத்தை 12-ஆம் நாளும், நெல்லை 14-ஆம் நாளும் எண்ணிப் பார்க்கலாம். சான்று விதைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச முளைப்புத்திறன், கலப்பின மக்காச்சோளத்திற்கு 90, நெல்லுக்கு 80, நிலக்கடலைக்கும் வெங்காயத்திற்கும் 70 சதவீதம். ஐயம் இருந்தால் அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்து முடிவு பெறலாம்.

4. மாதிரி: சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், ஒரு கைப்பிடி விதையை அசல் பையிலேயே கட்டி உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. பூச்சிமருந்தானால் காலிப் புட்டியை அடையாளச் சீட்டோடு குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

5. எழுத்தில் புகார்: குறை தெரிந்த அன்றே கடைக்காரரிடம் வாய்மொழியாகச் சொன்னதோடு நிற்கக் கூடாது. பாகிஸ்தானின் பஞ்சாப் சட்டம் எழுத்து மூலம் அறிவிப்பைக் கட்டாயமாக்கியது. நம் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும் அந்த வழக்கம் நல்லது. கடைக்கும் நிறுவனத்திற்கும் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் புகார் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

6. வயல் ஆய்வு: அதே நாளில் வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். காய்கறிப் பயிரானால் தோட்டக்கலை உதவி இயக்குநரிடம் கொடுக்கலாம். ஆய்வு நாளில் கடைக்காரரையும் நிறுவனத்தையும் வரச்சொல்லித் தகவல் தரவேண்டும். வராவிட்டாலும் தகவல் கொடுத்ததற்குச் சாட்சி இருக்கும். வயலில் ஐந்து இடங்களில் ஒரு சதுர மீட்டர் அளந்து முளைத்த செடி, கலப்புச் செடி எத்தனை என்று எண்ணி எழுதச் சொல்ல வேண்டும். ஆய்வு முடியும்வரை வயலை அழிக்கக் கூடாது.

7. நட்டக் கணக்கு: கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்கி வைக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ கூட்டுறவு ஏலத்திலோ விற்ற சீட்டுகள் இருந்தால், வழக்கமான விளைச்சல் எவ்வளவு, விலை என்ன என்பதற்கு அவையே சான்று. உழவுக்கும் கூலிக்கும் ஆன செலவைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வருவதும் உதவும்.

8. புகார்: இவ்வளவும் கையில் இருந்தால் ஒரு தாளில் நடந்ததை வரிசையாக எழுதி, நகல்களை இணைத்து மாவட்ட ஆணையத்தில் கொடுத்துவிடலாம். முதலில் பேசித் தீர்க்க விரும்புவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

சட்டம் எட்டாத இடங்கள்

எல்லாவற்றிற்கும் இச்சட்டம் மருந்தாகாது. மரவள்ளிக் கிழங்கை ஆலைக்கு அனுப்பிவிட்டு மாவுச்சத்துப் புள்ளியிலோ எடையிலோ தகராறு வந்தால், அங்கே விவசாயி விற்பவரே தவிர நுகர்வோர் அல்லர். அதற்கு வேறு வழிதான் தேட வேண்டும். அதே மரவள்ளிக்கு நடவுக் குச்சியை அடுத்த ஊர் விவசாயியிடம் சீட்டின்றி வாங்கி, தேமல் நோய் வந்துவிட்டால் நிரூபிப்பது கடினம். நோயற்ற தோட்டத்தை நேரில் பார்த்துக் குச்சி எடுப்பதே அதற்குக் காப்பு. இலவசமாகக் கிடைத்த விதைக்கு விலை கொடுக்காததால் நுகர்வோர் வழக்கு நிற்காது. மானிய விலையில் பாதிப் பணம் கட்டி வாங்கியது என்றால் வழக்கு உண்டு. ஆட்களை வைத்து நடத்தும் பெரிய கோழிப்பண்ணைக்குத் தீவனம் வாங்குபவரிடம், இது பிழைப்பா, வணிகமா என்ற கேள்வி எழும்.

மறுபக்கம், விதையோடும் மருந்தோடும் இச்சட்டம் நின்றுவிடவில்லை. நீர் இறைக்கும் மோட்டார், சொட்டுநீர்க் குழாய் போன்ற பொருள்களும், பயிர்க் காப்பீடு, வங்கிச் சேவை போன்ற சேவைகளும் இதில் அடங்கும்.

அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால் நம் விவசாயிக்குக் கெடு நீளம், கட்டணம் இல்லை, பயிர் நட்டத்துக்கே ஈடு உண்டு, வழக்கும் சொந்த மாவட்டத்திலேயே நடக்கும். இத்தனை வசதியும் கடைவாசலில் கேட்டு வாங்கும் ஒரு சீட்டில்தான் தொடங்குகிறது. சீட்டுக் கேட்டால் கடைக்காரர் மனம் கோணுவாரோ என்று தயங்க வேண்டியதில்லை. நல்ல விதை விற்பவருக்குச் சீட்டுக் கொடுப்பதில் நட்டமில்லை. நிறுவனத்தின் தவறு தன் தலையில் விழாமல் அவரைக் காப்பதும் அதே சீட்டுதான். இந்த ஆடிப்பட்டத்திலிருந்தே விதைப்பையை வண்டியில் ஏற்றும் முன் சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்து மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விவசாயிகள் மேற்கொள்ள வேண்டும்.